சுவருக்கு அந்தப் பக்கத்து எரு

இடுப்பில் காலிக் கூடையோடு சுவர் ஓரம் நிற்கிறேன். சுவர் இன்னும் முழுதாக எழும்பவில்லை, என் மார்பு உயரம்தான் வந்திருக்கிறது. ஈரச் சிமெண்டு வாசனை மூக்கில் ஏறுகிறது. கொத்தனார் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் என் பெரியத்தான், அதாவது என் கணவரின் அண்ணன், பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் எருக்குழி. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழியிலிருந்து ஒரு கூடை மக்கின எரு.

கேட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மத்தியானம் வரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் அவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்து வழக்கம் அப்படி. தம்பி பெண்டாட்டி மூத்த அத்தான் முன்னால் நின்று பேசக்கூடாது. அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். வருஷக்கணக்காக அவருக்குச் சோறு பொங்கியிருக்கிறேன். அவர் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என் குரல் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அப்பேர்ப்பட்டவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஒத்துப்போன ஒரே விஷயம்

எங்கள் பாத்திரக்கடை இரண்டான கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து, தியாகராய நகரில் கடை போட்டு நிமிர்ந்த அண்ணனும் தம்பியும் அறுபதுகளின் கடைசியில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். முதலில் கடை பிரிந்தது, பிறகு வீடு. சொந்தக்காரப் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். பெரியத்தானுக்குப் பசு, கொட்டகை, எருக்குழி. எங்களுக்குக் கிணறும் பூவரச மரமும். கொல்லையின் நடுவே ஒரு சுவர் எழுப்புவது என்று முடிவானது.

சுவர் போகவேண்டிய கோட்டில் சரியாக ஒரு பம்பளிமாஸ் மரம் நின்றது.

அந்த மரத்துப் பழத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு பழத்தைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். உரித்தால் உள்ளே வெளிர்ச் சிவப்பாகச் சுளை. ஆண்கள் கடைக்குப் போனதும் நானும் பெரியத்தானின் மனைவி செண்பகம் அக்காவும் மரத்தடியில் உட்கார்ந்து பழத்தை உரிப்போம். தோலை உரிக்கவே நேரம் பிடிக்கும். அதற்குள் உலகத்து வம்பெல்லாம் பேசி முடித்துவிடுவோம். பிறகு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிடுவோம். அந்த வீட்டில் எனக்குச் சிநேகிதி, சண்டைக்காரி எல்லாம் அக்கா ஒருத்திதான்.

“ஒரு வருசம் அண்ணன் பறிக்கட்டும், மறு வருசம் தம்பி பறிக்கட்டும்” என்று பெரியவர் ஒருவர் சொல்லிப் பார்த்தார்.

“அதெல்லாம் வேண்டாம், வெட்டிருங்க!” என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள். அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

போதாக்குறைக்குப் பெரியத்தான் எழுந்து நின்று சத்தியம் வேறு செய்தார். “இனிமே இங்கன இருந்து ஒரு பிடி மண்ணு அங்க போகக்கூடாது. அங்கன இருந்து ஒரு பிடி மண்ணு இங்க வரக்கூடாது. முருகன்மேல ஆணை.”

மழை ஓய்ந்ததும் மரத்தை வெட்டுவது, தை பிறந்ததும் சுவர் வைப்பது என்று பேசிக் கலைந்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி வடிவு, மரந்தான் போவுது. அதுல ஒரு கன்னாவது வளத்துக் குடுட்டி எனக்கு. என் கை பட்டா தொளசியே பட்டுப்போவும். ஒன் கைக்கு எதுவும் வரும்.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏரிக்குள் எங்கள் வீடு

சொல்லியாயிற்று. எதில் போட்டு முளைக்கவைப்பது? விதை என்ன விதை, மண்ணில் போட்டால் முளைக்கத்தானே வேண்டும் என்று நானும் அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன்.

வெண்டை விதைக்குச் செய்வது மாதிரி சாம்பலில் புரட்டி வெயிலில் காயப்போட்டேன். பம்பளிமாஸ் விதை காய்ந்தால் செத்துப்போகும் என்பது அப்போது தெரியாது. ஒரு முழுப் பழத்தின் விதை அதில் போயிற்று.

அடுத்த பழத்து விதையை ஈரத்தோடு கொல்லை மண்ணில் ஊன்றினேன். எங்கள் தெரு ஒரு காலத்தில் ஏரி. ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே கட்டினார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது, மண்ணுக்கு மட்டும் மறக்கவில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் காலை விடாது. அப்படிப்பட்ட களிமண்ணை எதில் போட்டேன் தெரியுமா? கடையில் விற்காமல் நசுங்கிக் கிடந்த அலுமினியச் சட்டியில். அடியில் ஓட்டை போட்டால்தானே தண்ணீர் வடியும். ஆணியைக் கையில் எடுத்ததும் என் வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

“பாத்திரக்கடைக்காரன் வீட்டுல பாத்திரத்துல ஓட்டை போடுவாளா ஒருத்தி? நாளைக்குக் கடைக்கு எவன் வருவான்?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஓட்டை இல்லாமலே வைத்தேன். ஐப்பசி மழை சட்டியை நிரப்பியது. சில நாள் கழித்துக் கிளறினால் விதை பழுப்பாகக் கூழாகி, ஊறப்போட்டு மறந்த பயறு மாதிரி நாறியது.

அதன் பிறகு சிரட்டைக்கு மாறினேன். பட்டணத்தில் கொட்டாங்கச்சி என்பார்களே, அதுதான். தேங்காய்க்குக் கடவுள் கொடுத்த கண்ணிருக்கிறது. அதைக் குத்திவிட்டால் தண்ணீர் தானாக வடியும். ஓட்டை போட்டாள் என்று யாரும் என்னைக் கரித்துக்கொட்ட முடியாது.

கருப்பட்டிக் காப்பி செய்த வேலை

களிமண் மட்டும் ஆகாது, அதை இளக்க ஏதாவது சேர்க்கவேண்டும் என்று புரிந்தது. எதைச் சேர்ப்பது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. கன்றுக்காக என்று தொடங்கியது போய், எனக்கே தெரிந்துகொண்டாகவேண்டும் என்று ஆகிவிட்டது. உமி, மரத்தூள், தேங்காய் நார்த்தூள் என்று எதைப் பார்த்தாலும் கையில் அள்ளிப் பிசைந்து மோந்து பார்ப்பேன். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தையல் வகுப்பில் எனக்கு ராஜி என்று ஒரு சிநேகிதி இருந்தாள். மயிலாப்பூர்க்காரி. அவள் வீட்டு மாடியில் ரோஜா தொட்டி தொட்டியாகப் பூக்கும்.

“எங்காத்துல காப்பிப்பொடிச் சக்கையைத் தூர எறியறதே இல்லைடி. அப்படியே மண்ணோட கலந்துண்டு வெச்சுடுவோம். மண் புஸுபுஸுன்னு ஆயிடும். நீயும் பண்ணிப் பாரேன்” என்றாள்.

எங்கள் வீட்டிலும் காப்பிச் சக்கைக்குப் பஞ்சமில்லை. தினமும் சேர்த்துவைத்துக் கலந்து விதை ஊன்றினேன். மறுநாள் காலையில் சிரட்டை கறுப்பாக அசைந்தது. கட்டெறும்பு! கிணற்றடியிலிருந்து வரிசையாக வந்து, மண்ணைக் குடைந்து, விதையையும் கொறித்துவைத்திருந்தது.

ராஜிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் தொட்டிக்கு எறும்பு வந்ததே இல்லையாம். காப்பி எப்படிப் போடுவாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் வீட்டில் ஃபில்டர் காப்பி, சக்கையில் சர்க்கரை சேராது. எங்கள் வீட்டிலோ கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, பொடியையும் அதிலேயே கொதிக்கவிட்டு இறக்குவோம். நான் எறும்புக்குப் பாயசம் வைத்திருக்கிறேன்.

ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன் கூடை கொண்டுவரும் அஞ்சலை இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? “இன்னாம்மா நீ, காப்பித் தூளு கீப்பித் தூளுன்னுக்கினு! மீன் தலைய அடியில வச்சி மூடும்மா. செடி எப்டி வருது பாரு. நம்ம ஊட்டாண்ட முருங்க அப்டித்தான் நிக்குது” என்றாள்.

அவள் வீட்டு முருங்கையைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அந்தத் தெருவின் பூனைகள் எல்லாம் வந்தன. காலையில் சிரட்டைகள் மல்லாந்து கிடந்தன.

மரத்தில் பழம் குறைந்துகொண்டே வந்தது. அக்கா தினமும் கொல்லைக்கு வந்து, “முளைச்சிட்டாட்டி?” என்று கேட்பாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கூசும்.

சாணி மண்ணா?

பழைய எருதான் வேண்டும் என்று அதற்குள் எனக்குப் பட்டுவிட்டது. அக்காவிடம் கேட்டேன். அவள் யோசித்தாள்.

“எரு மண்ணுல்லாட்டி? பாத்தா மண்ணு மாதிரிதான இருக்கு. அவிய சத்தியம் பண்ணியிருக்காவ. ஒரு பிடி மண்ணு போகக்கூடாதுன்னு. எனக்குப் பயமா இருக்கு.” கொஞ்சம் நின்றுவிட்டு, “சாணின்னா தாரேன். சாணி மண்ணு இல்லல்லா?” என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் தோன்றியது. முருகனுக்கும் பொய்யாகாது, கன்றுக்கும் ஆகும். வாசல் தெளிக்க என்று சொல்லி, அப்போதுதான் பசு போட்ட சாணியை அக்கா இலையில் வைத்துக் கொடுத்தாள். தாராளமாகக் கலந்தேன்.

இரண்டொரு நாளில் சிரட்டைக்குள் விரலை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்ட மாதிரி. பச்சைச் சாணி மக்கும்போது சூடு கிளம்பும் என்று அப்போதுதான் என் விரலுக்குத் தெரிந்தது. விதை வெந்துபோயிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் ஒரே ஒரு பழம் இருந்தது.

சுவருக்கு வந்த மணல்

கடைசிப் பழத்து விதையை வைத்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவர் வைக்க இறக்கிய ஆற்றுமணல் குவிந்து கிடந்தது. மழை அடித்து அடித்துக் கழுவி, பளிச்சென்று இருந்தது. அண்ணன் பாதி, தம்பி பாதி என்று பொதுவில் இறக்கிய மணல். யாரும் கேட்கமுடியாது. வெறும் மணலில் விதையை ஊன்றினேன்.

முளைத்தது! உள்ளிருந்து ஒரு பச்சை வளையம் முதுகை வளைத்துக்கொண்டு எழுந்துவந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மூன்று முளைத்தன. மற்றவை வரவில்லை.

அந்த வாரமே மரத்தை வெட்டினார்கள். அண்ணன் கடைக்குப் போய்விட்டார், தம்பியும் கடைக்குப் போய்விட்டார். வெட்டச் சொன்னவர்கள் இரண்டு பேரும் பார்க்க நிற்கவில்லை. நானும் அக்காவும்தான் நின்றோம். வெட்டுவாயிலிருந்து வந்த பம்பளிமாஸ் வாசனை கொல்லையில் வெகுநாள் இருந்தது.

மணலில் முளைக்கும், ஆனால் மணலில் என்ன சத்து இருக்கிறது? இரண்டு மூன்று இலை விட்டதும் கன்றுகள் அப்படியே நின்றுவிட்டன. இலை மஞ்சளாகியது. பூவரச இலையைக் குவித்து மக்கவைத்திருந்தேன், அது இன்னும் பாதியில் இருந்தது. என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு மூட்டைக் குப்பை எரு வாங்கிவந்தார். உள்ளே கரித்துண்டு, வளையல் சில்லு, சுண்ணாம்பு எல்லாம் இருந்தன. ஒரு கன்றுக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். இலை நுனி கருகியது. உடனே தட்டிவிட்டு மணலுக்கே மாற்றினேன்.

இந்த நேரம் பார்த்து அக்கா, தன் கூடப்பிறந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தென்காசிக்குக் கிளம்பினாள். “நான் வாறதுக்குள்ள கன்னு பட்டுச்சோ, ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன் பாத்துக்கோ” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

தை பிறந்தது. சுவர் கிளம்பியது. நாளுக்கு நாள் ஏறியது. அந்தப் பக்கத்து எருக்குழி இன்னும் கொஞ்ச நாளில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். மஞ்சள் கன்றுகளைப் பார்த்தேன். கூடையை எடுத்தேன்.

“அத்தான்”

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“அத்தான்.”

பேப்பர் இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் பசுவைத்தான் பார்த்தார். அப்புறம் தலை திரும்பியது, என்னைக் கண்டதும் சட்டென்று மறுபடி பசுவின் பக்கமே போய்விட்டது.

“மக்குன எரு ஒரு கூடை வேணும்” என்றேன்.

அவர் எழுந்து நின்றார். பசுவைப் பார்த்தபடியே, “எதுக்கு?” என்றார்.

“பம்பளிமாஸ் கன்னுக்கு. மஞ்சப் பாஞ்சு நிக்கு.”

“எந்தப் பம்பளிமாஸு?”

“நம்ம மரத்து விதை. நான் போட்டேன்.”

சத்தியத்தைச் சொல்லி விரட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“சாணி கெடக்கே. அதைக் கொண்டுபோகலாமே.”

“பச்சைச் சாணி வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவை வெந்துபோச்சு.”

“அப்போ மேல உள்ளது ஆகாது. அடியில கெடக்கதுதான் நல்லா மக்கியிருக்கும்.”

வேட்டியை மடித்துக்கட்டினார். கல்லாவை விட்டு எழுந்து ஒரு சொம்பைக்கூட எடுத்துவைக்காத மனுஷர், மண்வெட்டியோடு குழியில் இறங்கினார். மேல் எருவை ஒதுக்கி, அடியிலிருந்து அள்ளினார். பிறகு மேலே ஏறி வந்து, கூடைக்காகச் சுவர்மேல் கையை நீட்டினார். கொடுத்தேன். திரும்பி வந்தபோது கூடை நிறையக் கறுப்பாக எரு. துளி சாண வாசனை கிடையாது. ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி நின்றது, விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இத்தனை மாதம் நான் தேடியது இதுதான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மண்ணு போகக்கூடாதுன்னு…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“இது மண்ணா? எருல்லா!” என்று பசுவைப் பார்த்து அதட்டினார். பிறகு குரல் இறங்கியது. “எத்தனை கன்னு?”

“மூணு. ஒண்ணு அக்காவுக்குன்னு வச்சிருக்கேன்.”

“அது அவளுக்கு. எனக்கு?”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் இன்னும் பசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. வெட்டச் சொன்ன மனுஷர் இவர்தானா என்று இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஒங்களுக்கும் ஒண்ணு உண்டு அத்தான்” என்றேன்.

எருவில் பாதி, மணலில் பாதி, ஏரிக் களிமண் ஒரு கை. அந்தக் கலவையில் கன்றுகள் ஒரு மாதத்தில் பச்சை ஏறி, முள்ளும் விட்டன. ஊரிலிருந்து திரும்பிய அக்கா கன்றைவிட, நான் அவள் புருஷனிடம் பேசினேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கசப்பு

சுவர் தலைக்கு மேல் எழும்பியது. அண்ணனும் தம்பியும் பேசவில்லை. பெரியத்தான் மட்டும் அவ்வப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கனைப்பார். “எரு வேணுமா?” என்பார். வேணும் என்பேன். கூடை சுவர்மேல் வரும். அவர் என்னிடம் பேசியதெல்லாம் எருவைப் பற்றித்தான். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

மூன்றில் ஒரு கன்று பட்டுப்போயிற்று. அக்காவும் அத்தானும் ஒரே கன்றுக்கு உரிமை கொண்டாடி, கொட்டகை ஓரம் வைத்தார்கள். எங்களுடையது கிணற்றடியில். எழுபதுகளின் பின்பாதியில் அவர்கள் மரம் முதலில் காய்த்தது. எருக்குழி பக்கத்திலேயே இருந்தால் காய்க்காமல் என்ன செய்யும்?

முதல் பழத்தில் பாதி, உரித்த சுளையாகத் தட்டில் சுவர் தாண்டி வந்தது. கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். எங்கிருந்து என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சுளை வெள்ளையாக இருந்தது. விதையில் வந்த மரம் தாயைப் போலவே இருந்தாகவேண்டும் என்று கட்டாயமா என்ன? நான் ஏற்கெனவே ஒன்றைத் தின்று பார்த்திருந்தேன். புளிப்பு, அதன் அடியில் ஒரு கசப்பு.

அவர் தின்றார். இன்னொன்றும் தின்றார். தட்டைக் காலி செய்துவிட்டு, அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் பழைய பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சுவர் ஓரம் போய் நின்றவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“அண்ணே.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

“பழம் கசக்கு. எரு பத்தலைன்னு நெனைக்கேன்.”

பிறகு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“வந்து பாருலே.”

சுவரைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாகத்தான் போகவேண்டும். என் வீட்டுக்காரர் காலித் தட்டோடு, சட்டை போடக்கூட மறந்து, வாசலைத் தாண்டி ஓடினார்.